கோது எங்கே விழுகிறது என்று முதலில் பாருங்கள்

கேட்டவர் நம்ம ஊர்த் தம்பி. திருகோணமலைத் திருக்கடலூரில் பிறந்து இப்போது கனடாவில் இருக்கிறார், அங்கே ஒரு சுடும் கழகத்தில் அங்கத்தவர். இரண்டு துவக்கு வைத்திருக்கிறார்: ஒன்று பழைய 303 லீ என்ஃபீல்ட், மற்றது எஸ்.கே.எஸ். சுட்ட பிறகு மிஞ்சுகிற ரவையின் வெறும் ஓட்டைத்தான் கோது என்கிறோம். அவர் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: "அண்ணை, சுட்ட பிறகு கோதெல்லாம் புல்லுக்குள் போய்விடுகிறது. மாரியில் சுட்டால் பனியில் துளை போட்டுக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். அறுபது சுட்டால் நாற்பதுதான் கைக்கு வருகிறது. பக்கத்தில் படுத்துச் சுடுகிறவருக்கும் போய்ப் படுகிறது. துவக்கில் மாட்டுகிற வலைப்பை ஒன்று வாங்கட்டுமா?"

வாங்கலாம். ஆனால் அதற்கு முதல் வீட்டில் பழைய வெள்ளை வேட்டி ஒன்று கிடந்தால் அதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் சுடுதளத்துக்குப் போய் வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் பொலிஸில் ஆயுதக் களஞ்சியத்தில் காலம் கழித்தவன். சுட்டதைவிட, மற்றவர்கள் சுட்டதை எண்ணினதுதான் அதிகம். எங்களுக்குக் கோது என்றால் கணக்கு. காலையில் இத்தனை ரவை கொடுத்தேன், பின்னேரம் இத்தனை கோதும் மிச்ச ரவையும் திரும்பி வந்தன, இரண்டும் சரி. சரி வராவிட்டால் வீட்டுக்குப் போக முடியாது. கடற்கரையில் கச்சான் தின்கிறவன் கோதை மணலில் போட்டுவிட்டு எழும்பிப் போகலாம். துவக்குச் சுடுகிறவனுக்கு அந்தச் சுகம் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள். நான் அப்போது வேலை செய்த இடத்தில் பழைய ஆட்களுக்கு 303, புதிதாகச் சேர்ந்த பொடியளுக்கு .22, இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். பின்னேரம் எண்ணினால் 303 கணக்குச் சரி, .22 கோது ஒன்று குறைகிறது. படங்கை உதறினோம், மண்மூட்டைகளைப் புரட்டினோம், பொடியளின் சப்பாத்துக்குள்ளும் பார்த்தோம். மேலதிகாரி ஒருவர் நான்தான் எண்ணத் தெரியாதவன் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். இரவு ஒன்பது மணிக்குப் பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் 303 கோதுகளைத் திரும்பவும் பெட்டிக்குள் போடும்போது ஒன்று மட்டும் கிலுகிலு என்றது. குப்புறக் கவிழ்த்தேன். உள்ளேயிருந்து .22 விழுந்தது. 303 கோதின் வாய் உள்ளளவு எட்டு மில்லிமீற்றருக்கு ஒரு மயிரிழை குறைவு, .22 கோதின் விளிம்பு ஏழு. வாளிக்குள் கலந்து கொட்டினபோது ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டது. அன்றிலிருந்து வேறு வேறு ரவைக்கு வேறு வேறு பேணி. நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஒரு செலவும் இல்லை.

சரி, வேட்டி விஷயத்துக்கு வருவோம்.

கோது தானாகப் பறப்பதில்லை. சுடும்போது உள்ளே மூவாயிரம் வளிமண்டலத்துக்கும் கூடிய அழுத்தம் வருகிறது. அந்தக் கணத்தில் பித்தளை விரிந்து, ரவை இருக்கிற அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், வாயு பின்னால் வராமல் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கினதும் ஒரு மயிரளவு சுருங்கும். நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது நாகமும் (துத்தநாகம்) கலந்த இந்தப் பித்தளையைத்தான் நூறு வருடத்துக்கு மேலாகக் கோதுக்கு எடுக்கிறார்கள், காரணம் இந்த விரிந்து சுருங்கும் குணம். சுருங்கினால்தான் அறையைப் பின்னால் மூடுகிற போல்டில் இருக்கும் கொக்கி, எக்ஸ்ட்ராக்டர், அதை விளிம்பில் பிடித்துப் பின்னால் இழுக்க முடியும். இழுத்துக்கொண்டு வரும் வழியில் கோதின் அடி மற்றப் பக்கத்தில் நிற்கும் இஜெக்டரில் முட்டுகிறது. ஒரு பக்கம் பிடி, மறுபக்கம் முட்டு. கதவு பிணைச்சலில் திரும்புகிற மாதிரிக் கோது கொக்கியைச் சுற்றித் திரும்பி, துவக்கின் பக்கத்தில் இருக்கும் வாசலால் வெளியே பாயும்.

இஜெக்டரில் இரண்டு சாதி. ஒன்று அசையாமல் நிற்கும் ஆணி அல்லது தகடு. அதில் முட்டுகிற வேகம்தான் கோது பறக்கிற வேகம். போல்ட் மெதுவாக வந்தால் கோதும் மெதுவாகத்தான் வரும். மற்றது போல்டின் முகத்துக்குள்ளேயே சுருள்வில்லோடு ஒளிந்திருக்கும் சின்னக் குச்சி. அது எந்நேரமும் கோதைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கோதின் வாய் வாசலைத் தாண்டின உடனே துப்பிவிடும், நீங்கள் எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் சரி. இப்போது வரும் வேட்டைத் துவக்குகள் பலதில் இந்த இரண்டாம் சாதிதான்.

உங்கள் 303 முதலாம் சாதி. ஆகவே அதற்கு ஒரு சதமும் செலவழிக்கத் தேவையில்லை. போட்டிக்கு வேகமாகச் சுடாத நாளில், சுட்ட பிறகு போல்டைத் தூக்கி ஆறுதலாகப் பின்னுக்கு இழுங்கள். கோது வெளியே பாயாது, உள்ளேயே சாய்ந்து கிடக்கும். குழாயைக் குறிப்பக்கமே வைத்துக்கொண்டு விரலால் எடுத்துப் பேணிக்குள் போடுங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் போல்டை உலக்கை போலப் பின்னால் அடித்து இழுப்பார்கள், அவர்களுடைய கோது மூன்று ஆள் தள்ளிக் கிடக்கும். ஒருவர் மட்டும், கந்தளாய்ப் பக்கத்து ஆள், ஆறின தேத்தண்ணி குடிக்கிற மாதிரி இழுப்பார். அவருடைய இருபது கோதும் அவருடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு குவியல். எண்ணவே தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

எஸ்.கே.எஸ். கதை வேறு. அது தானாகவே போல்டைப் பின்னால் அடிக்கிற துவக்கு, நம் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரி-56 சுடுகிற அதே 7.62க்கு 39 ரவைதான். வாயு பிஸ்டனை அடிக்க, போல்ட் அசுர வேகத்தில் வந்து அசையாத இஜெக்டரில் முட்டும். ஐந்தாறு மீற்றர் தள்ளி, பெரும்பாலும் வலதுகை முன்பக்கமாகக் கோது போய் விழும். பக்கத்து ஆளுக்குப் படுகிறது என்றீர்களே, அது அநேகமாக இந்தத் துவக்காகத்தான் இருக்கும்.

இங்கேதான் வேட்டி. மேசையில் அல்லது படுத்து, நீங்கள் வழக்கமாகச் சுடுகிற மாதிரியே அமருங்கள். துவக்கை மணிக்கூட்டின் நடுவாக எண்ணுங்கள்: குழாய் பார்க்கிற திசை பன்னிரண்டு, நேர் வலது மூன்று, உங்கள் காற்பக்கம் ஆறு. வலது பக்கத்தில் வேட்டியை விரித்து ஐந்து ரவை சுடுங்கள். பிறகு கழக அதிகாரி சுடுவதை நிறுத்தச் சொல்லி, எல்லோருடைய துவக்கும் திறந்து வெறுமையாக இருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். ஐந்தும் எந்த மணியில், எத்தனை எட்டுத் தூரத்தில்? ஒரே துவக்கு ஒரே ரவைக்குக் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் துப்பும். நான் பார்த்தவற்றில் ஐந்தில் நான்கு, ஒருவர் காலை நீட்டிப் படுக்கிற அளவு இடத்துக்குள் கிடக்கும். ஒன்று வழிதவறிப் போகும், அதை மன்னித்துவிடலாம். ரவை மாறினால் இடமும் மாறும். எஸ்.எல்.ஆர். போன்ற துவக்குகளில் வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம், கூட்டினால் கோது கூடத் தூரம் போகும். உங்கள் எஸ்.கே.எஸ்.ஸில் சாதாரணமாக அந்த வசதி இல்லை. அது எறிகிற இடத்தில் நீங்கள்தான் போய்க் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது காந்தம். இதைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனால் வலை வாங்குவதற்கு முதல் இதைப் பாருங்கள். சீனத்துப் பழைய 7.62க்கு 39 ரவையில் நிறைய வெளியே செம்பு பூசின இரும்புக் கோது. பார்வைக்குச் செம்பட்டை நிறம், பித்தளை என்று ஏமாந்துவிடுவீர்கள். காந்தம் ஒட்டினால் இரும்பு, அதை மருந்தும் சன்னமும் போட்டுத் திரும்ப நிரப்ப ஒருவரும் மினக்கெடுவதில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் நடுத்துளை ஒன்றுக்குப் பதிலாக இரண்டு சின்னத் துளை இருக்கும். அதைப் பொறுக்குவது சுடுதளத்தைச் சுத்தமாக விட்டுப் போகத்தான். அதற்கு வலையே வேண்டாம், தடியில் கட்டின காந்தம் ஒன்றை மண்ணுக்கு மேலால் இழுத்துக்கொண்டு போனால் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். பித்தளைதான் காந்தத்துக்கு அசையாத பிடிவாதக்காரி.

இனி வலை. இந்தப் பாடத்தை நான் துவக்குக்காரரிடம் படிக்கவில்லை, வலைகாரரிடம் படித்தேன்.

களஞ்சியத்தில் இருந்த காலத்தில் ஒரு முறை எனக்கே மூளை வேலை செய்து, மரச்சட்டம் ஒன்றில் வலையை மேளத்துக்குத் தோல் கட்டுகிற மாதிரி இழுத்து ஆணி அடித்தேன். சுடுகிறவரின் வலது பக்கம் நிறுத்தினேன். கோது போய்ப் பட்டது, பட்ட வேகத்திலேயே திரும்பி வந்து சுட்டவரின் கன்னத்தில் அடித்தது. இரண்டாவது கோது வாசலுக்குள்ளேயே திரும்பப் போய்ப் போல்டுக்கு இடையில் நெரிந்து துவக்கு இறுகிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். பின்னேரம் வீட்டுக்கு வந்து அயலவரிடம் சொன்னேன். அவர் உப்புவெளியில் வலை பொத்திக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வலையை இழுத்துக் கட்டினால் மீனே மோதிப்போட்டுத் திரும்பிப் போகும். கயிற்று நீளத்துக்கு ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வலையைச் சுருக்கிச் சுருக்கிக் கட்ட வேண்டும். தளர்ந்து கிடந்தால்தான் மாட்டுப்படும்."

அவ்வளவுதான் இரகசியம். கோதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், அதன் வேகத்தைக் குடிக்கப் பாருங்கள். அடுத்த முறை அதே சட்டத்தில் மேல் விளிம்பில் மட்டும் வலையைச் சுருக்கிக் கட்டித் தொங்கவிட்டேன், கீழே மடித்து ஒரு மடி வைத்தேன். அத்தாங்கின் அடி மாதிரி. கோது வந்து படும், வலை ஒரு முழம் பின்னுக்குப் போகும், கோது வேகம் செத்து நேராக மடிக்குள் இறங்கும். சத்தமே இல்லை.

வீட்டிலேயே செய்யலாம். பி.வி.சி. குழாயில் ஒரு சட்டம், இடுப்பளவு உயரம், அதே அளவு அகலம். படுத்துச் சுடுகிறவர் என்றால் பாதி உயரம் காணும். வாசலிலிருந்து இரண்டு மூன்று சாண் தள்ளி, வேட்டி காட்டின மணியில் நிறுத்துங்கள். கிட்ட வைத்தால் திரும்பி அடிக்கும், தூர வைத்தால் கோது மேலாலும் பக்கத்தாலும் தப்பும். உங்கள் எஸ்.கே.எஸ்.ஸுக்கு ஒன்றரை, இரண்டு மணிப் பக்கம் கொஞ்சம் முன்னுக்கு வரலாம். ஆனால் சட்டத்தின் ஒரு விளிம்பும் துவக்குக் குழாயின் வாய்க்கு முன்னால் போகக் கூடாது. இது விளையாட்டில்லை. கோதுக்காக வலையை முன்னால் தள்ளித் தள்ளி, கடைசியில் வலைக்காலைச் சுட்டவர்கள் இருக்கிறார்கள்.

வலைக்கண் கோதைவிடச் சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, கோதின் கழுத்தைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழுத்து உள்ளே போய்த் தோளில் இறுகி நிற்கும், ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டி வரும். ஐந்து மில்லிமீற்றர்க் கண் உங்கள் இரண்டு துவக்குக்கும் போதும். எதனால் செய்த வலை என்பதும் முக்கியம். சுட்ட கோது விரலில் பிடிக்க முடியாத சூடு. நுளம்பு வலை மெல்லிசு, இரண்டு நாளில் ஓட்டையாகும். நீல நிறப் பிளாஸ்டிக் படங்கு நூற்றுப் பத்து, நூற்று முப்பது பாகைச் சூட்டிலேயே இளகிவிடும், வேகமாகச் சுட்டால் அதில் வட்ட வட்டமாகத் தழும்பு விழும். தடித்த நைலோன் இருநூறு பாகைக்கு மேல்தான் உருகும், அது தாங்கும். எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பருத்திக் கித்தான். காற்று அதிகமில்லாத இடத்தில் கித்தானைத் திரைச்சீலை போலத் தளர்வாகத் தொங்கவிட்டால் வலையைவிட மேல். எங்கள் ஊரில் ஆடி மாதக் கச்சான் காற்றுக்கு அது சரிவராது, பாய்மரம் மாதிரிச் சட்டத்தையே தூக்கிக்கொண்டு போகும். அதனால்தான் நான் வலைக்கு மாறினேன்.

நிலத்தில் விரிக்கிற படங்கும் நல்ல முறைதான், மலிவும்கூட. பனிக்கு அதுதான் சரி. சூடான கோது பனியை உருக்கிக்கொண்டு இறங்குவதற்கு முதல் படங்கில் தங்கிவிடும். நான்கு மூலையிலும் மண்மூட்டை, ஓரத்தின் கீழே ஒரு குழாயையோ கயிற்றையோ கொடுத்துத் தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் தட்டையான படங்கில் கோது தட்டாமாலை சுற்றி வெளியே ஓடும். புல்லில் ஏற்கனவே தொலைத்தவற்றுக்குக் கம்பிக் கூடை உருளை ஒன்று இருக்கிறது. மரத்திலிருந்து விழுந்த கொட்டைகளைப் பொறுக்கச் செய்தது, நீளக் கைப்பிடியோடு வரும். உருட்டிக்கொண்டு போனால் கோது கம்பிகளை விலக்கி உள்ளே போய்விடும், திரும்பி வராது. முதுகு குனியத் தேவையில்லாத அருமையான சாமான். என் வயதில் அதன் அருமை தெரியும்.

நீங்கள் கேட்ட துவக்கில் மாட்டுகிற பைக்கு இப்போது வருகிறேன். 303க்கு வேண்டவே வேண்டாம், போல்டைத் தூக்கி இழுக்கிற கைக்கு அது தடை. எஸ்.கே.எஸ்.ஸுக்கு மாட்டலாம். ஆனால் அந்தத் துவக்கில் வலது பக்கக் கைப்பிடி போல்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் அடிக்கும், ஒவ்வொரு வெடிக்கும். பையின் கம்பிச்சட்டம் அதன் வழியில் ஒரு நூல் நின்றாலும் துவக்கு இறுகும், அல்லது பை பறக்கும். பை வாசலுக்கு மிகக் கிட்ட இருப்பதால் உள்ளே இடம் குறைந்ததும் புதுக் கோது பழைய கோதில் முட்டித் திரும்பி வரும். முப்பது கொள்ளும் என்று எழுதியிருந்தால் பதினைந்தில் கொட்டுங்கள்.

எனக்கு அந்தப் பை பிடிக்காததற்குப் பெரிய காரணம் வேறு. அறை வெறுமையா என்று கண்ணால் பார்க்க அது மறைக்கிறது. களஞ்சியத்தில் வேலை செய்தவனுக்கு அதைவிட அந்தரம் இல்லை. துவக்கை வாங்கினால் திற, பார், விரலால் தடவு. பையைக் கழற்றாமல் அது முடியாது என்றால், சோம்பலில் ஒரு நாள் ஒருவர் பார்க்காமல் விடுவார். சில கழகங்களில், போட்டிகளில் அதற்கு அனுமதியும் இல்லை, விதியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். என் முடிவு இதுதான்: 303க்குக் கை, எஸ்.கே.எஸ்.ஸுக்குச் சட்டத்தில் தொங்கும் வலை. அதே வலை பக்கத்து ஆளையும் காப்பாற்றும்.

சூட்டுக் கோது சட்டைக்குள் விழுகிற கதையைச் சொல்லாமல் விட்டால் பிழை. இடதுகைக்காரருக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் வாசல் அவர்கள் முகத்துக்கு நேரே. கழுத்துப்பட்டிக்குள் இறங்கினால் நெருப்பெறும்பு கடித்த மாதிரித் துள்ள வைக்கும். துள்ளுகிறவரின் கையில் சுடத் தயாரான துவக்கு இருக்கிறது, அதுதான் பயம். தோல் பொசுங்கினால் களிம்பு பூசலாம். குழாயைத் திருப்பினால் என்ன செய்வது? மேல் பொத்தானைப் பூட்டுங்கள், முன் விளிம்புள்ள தொப்பி போடுங்கள், கண்ணாடி கட்டாயம். இறப்பர் செருப்போடு சுடுதளத்துக்குப் போகாதீர்கள், பெருவிரலுக்கும் வாருக்கும் இடையில் மாட்டுப்பட்ட கோது சொல்லித் தரும் பாடம் பொல்லாதது. உள்ளே விழுந்துவிட்டால் முதலில் குழாயைக் குறிப்பக்கம் பிடித்துக்கொண்டே விரலை விசையிலிருந்து எடுத்துத் துவக்கைக் கீழே வையுங்கள், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடுங்கள்.

சரி, கோதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஒரு 303 கோது கிட்டத்தட்டப் பதினொரு கிராம், நூறு சேர்ந்தால் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. .22 என்றால் ஒரு கிராமும் இல்லை, அதை யாரும் திரும்ப நிரப்புவதும் இல்லை. அதைப் பற்றவைக்கிற மருந்து விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி விளிம்பை நசுக்கினதோடு அதன் ஆயுள் முடிந்தது. 303 பித்தளைதான் பொறுக்குகிறவருக்குப் பொன். ஆனால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே பளிச்சென்று ஒரு வளையம் தெரிந்தால் அந்தக் கோது அந்த இடத்தில் நீண்டு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். பட்டாளத்துக்குச் செய்த 303 துவக்குகளின் அறை சேற்றோடும் மண்ணோடும் வேலை செய்ய வேண்டும் என்று தாராளமாகக் கடைந்தது, அதனால் கோது ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் நீளும். கடதாசி இணைக்கிற கம்பி ஒன்றை நிமிர்த்தி, நுனியை நகம் போல வளைத்து, கோதுக்குள் விட்டுச் சுவரோடு உரசி மேலே இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பள்ளத்தில் இடறினால் அதை நசுக்கிப் பழைய பித்தளையோடு போடுங்கள். திரும்பவும் சுட்டால் அடி தனியாகவும் உடல் அறைக்குள் இறுகினபடியும் நிற்கும்.

கழுவுவதில் நம்மவர் செய்கிற பிழை ஒன்று உண்டு. பித்தளை என்றதும் கோயில் குத்துவிளக்கு ஞாபகம் வந்து புளியில் ஊறப்போடுவார்கள். புளியின் அமிலம் களிம்பை எடுக்கும், உண்மைதான். இரவு முழுக்க ஊறவிட்டால் நாகத்தையும் கரைத்து எடுத்துவிடும், கோது இளஞ்சிவப்பாக மாறினால் அதுதான் நடந்திருக்கிறது. சவர்க்காரத் தூளும் இளஞ்சூட்டுத் தண்ணியும் காணும், பளபளப்பு குறியில் படப் போவதில்லை. உப்புக்காற்றில் கிடந்ததென்றால் நல்ல தண்ணியில் இரண்டு முறை அலசி வெயிலில் காயவையுங்கள்.

பிராசோ போட்டு மினுக்கவே வேண்டாம், அதில் அமோனியா உண்டு. பித்தளைக்கு அமோனியா நஞ்சு என்பதை ஆங்கிலேயர் இந்தியாவில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மழைக்காலம் வந்தால் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்களாம். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாத கோதுகள் நீளவாட்டில் வெடித்திருக்கும். பருவத்தோடு வருகிறதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தைப் பிடித்தார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், கோதை இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிப்போன இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை. ஈரக்காற்றுள்ள ஊர்க்காரருக்கு இந்தக் கதை நன்றாக விளங்கும். மாட்டுக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் நீங்களும் கோதை வைக்காதீர்கள், கனடாவில் பண்ணை வைத்திருந்தால்.

கோதின் அடியில் குத்தியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். அது சாதகக் குறிப்பு மாதிரி. ஆர்.ஜி. என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன், கே.எஃப். என்றால் இந்தியாவின் கிர்க்கி, பி.ஓ.எஃப். என்றால் பாகிஸ்தான். பக்கத்தில் இரண்டு இலக்கம் இருந்தால் பெரும்பாலும் செய்த வருடம். ஒரே எழுத்து, ஒரே வருடம் உள்ளவற்றை ஒன்றாகச் சேருங்கள், சுவரின் தடிப்பு ஒரே மாதிரி இருக்கும்.

எனக்கு இந்தப் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. அறுபதுகளில் சீனக்குடாப் பக்கம் மாடு பார்க்கப் போகும்போது மணலில் ஒரு 303 கோது கிடந்தது, பச்சைக் களிம்பு ஏறி. கல்லில் தேய்த்துப் பார்த்தால் அடியில் 41 என்று இருந்தது. வீட்டில் பாட்டா சொன்னார்: "அது யப்பான்காரன் வந்த நாளில் விழுந்ததாக இருக்கும்." 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டு போட்டபோது சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பின. அவற்றின் இறக்கைக்குள் எட்டோ பன்னிரண்டோ 303 இயந்திரத் துவக்குகள். சுடச்சுடக் கோதெல்லாம் இறக்கையின் கீழுள்ள துளைகளால் அப்படியே வெளியே கொட்டும், பிடிக்கிற ஏற்பாடு கிடையாது. அன்று எங்கள் ஊருக்குப் பித்தளை மழை. பாட்டா சொன்னது சரியோ, அது ஏதாவது பயிற்சியில் சுட்டதோ, எனக்கு அந்த மழைதான் பிடித்திருந்தது.

அந்தக் கோதை நான் கையால் எடுத்தேன் என்பதைப் பார்த்து இங்கே இருக்கும் பிள்ளைகள் பழகக் கூடாது. என் தலைமுறைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒரு யுத்தம் நடந்திருக்கிறது. குச்சவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ காட்டோரத்தில் பித்தளை மினுங்கினால் அது வெறுங்கோதா, சன்னம் கழலாத முழு ரவையா, வேறு ஏதாவதா என்று தூரத்தில் நின்று சொல்ல முடியாது. பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு நல்ல விலை தருவார் என்று தோண்டப் போய்க் கையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள். நேற்றுத்தான் யாரோ சுட்டுக் கிடக்கிற கோது என்றாலும் தொடாதீர்கள். ஊசி குத்தின குழியும் கொக்கி கீறின கோடும் எந்தத் துவக்கு என்று சொல்லும் சாட்சி, விசாரணைக்கு அது கிடந்த இடமும் வேண்டும். இங்கே இலங்கையில் துவக்கு வைத்திருப்பதற்கு 1916இன் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். விளையாட்டுக்காகத் துவக்கு வாங்கிச் சுடுவது உங்கள் ஊரில் போல இங்கே இலேசான காரியம் இல்லை.

கடைசியாக, கேள்வியின் வாலில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: தைப்பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உங்கள் 303 கோது ஒன்றை எனக்கு நினைவாகக் கொண்டு வரவா என்று. வேண்டாம் தம்பி. விமானநிலையத்தில் வெறுங்கோது கண்டாலும் பையைத் திறக்க வைத்து விசாரிப்பார்கள், விளக்கம் சொல்லி முடிக்க உங்கள் விமானம் போய்விடும். அந்தப் பையை எப்போதாவது சுடுதளத்துக்குக் கொண்டு போயிருந்தால் பக்கப் பொக்கற்றுகளையும் ஒரு முறை உதறுங்கள், .22 ஒன்று மூலையில் ஒளிந்திருக்கும். எனக்கு அடியைப் படம் எடுத்து அனுப்புங்கள், எழுத்தும் இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி. வெயிலில் சரித்துப் பிடித்து எடுத்தால் நன்றாக விழும்.